இரண்டு வீட்டுக்கு ஒரு காரணம்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார். அன்று உங்கள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்ததிலிருந்து அவர் உங்களைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. நீங்களும் போனை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் போனில் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவர் அதை மிஷின் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரும்மா. லெட்டர் போடு, படிப்பார்" என்றார்கள். அதனால்தான் லெட்டர்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் பரிசோதனையில் இவருக்கு விந்தணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. இரண்டாவதில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இதை மாமனாருக்கு எழுத எனக்குக் கூச்சம்தான், படிக்க உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். இரண்டு பேரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம்.

பிறகு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். ஆண்களுக்கு மட்டும் ஒய் குரோமோசோம் என்று ஒன்று உண்டாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு அது ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். இவருடைய ஒய் குரோமோசோமில் ஒரு சின்னத் துணுக்கு விட்டுப்போயிருக்கிறது. அதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டால், இருக்கலாம் என்கிறார், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார். அந்தத் துணுக்கு இல்லாமலே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்களாம். ஒரு நாட்டு ஆராய்ச்சியில் இதுதான் காரணம் என்று வருகிறதாம், இன்னொரு நாட்டில் சம்பந்தமே இல்லை என்று வருகிறதாம். எனக்குத் தலை சுற்றியது.

அதனால் உங்களையும் பரிசோதிக்கச் சொல்கிறார். அந்தத் துணுக்கு உங்களிடமும் விட்டுப்போயிருந்தால் நல்ல செய்தி. அது இல்லாமலே நீங்கள் அப்பா ஆகியிருக்கிறீர்கள், ஆகவே அதன்மேல் பழி போடுவது கஷ்டம். வேறு காரணம் இருக்கலாம். சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து உள்ளே விந்தணு கிடைக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறார். உங்களிடம் முழுதாக இருந்து இவரிடம் மட்டும் விட்டுப்போயிருந்தால், நம்பிக்கை குறைவு.

"எங்கப்பா ஒத்துக்க மாட்டார், விடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்துவிட்டார். நான் நர்ஸிடம் குழாயும் பஞ்சுக்குச்சியும் வாங்கி வந்துவிட்டேன். கன்னத்தின் உள்பக்கம் நன்றாகத் தேய்த்து, குழாய்க்குள் போட்டு மூடி அனுப்பினால் போதும். வலிக்காது.

அன்று எல்லோர் எதிரிலும் "முதல்ல அவளைப் பார்க்கச் சொல்" என்றீர்கள். பார்த்துவிட்டார்கள். என் பரிசோதனை எல்லாமே சரியாக இருக்கிறது. சொல்லிக்காட்ட எழுதவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மருமகள்


பிப்ரவரி 10

மருமகளுக்கு,

கடிதம் வந்தது, குச்சியும் வந்தது. குச்சியைத் திருப்பி அனுப்பாததற்கு ஒரே காரணம், தபால்காரர் என்னவென்று கேட்டால் பதில் சொல்ல என்னால் ஆகாது.

போனில் பேசினால் கத்துகிறேன் என்கிறீர்கள். எழுத்து கத்தாது. எழுதியது அழியவும் அழியாது, நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது. ஆகவே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. தையல் மிஷினைப் பிரித்துப் பிரித்துத் தொழில் படித்தவன். ஒரு மிஷின் தைக்கவில்லை என்றால் அந்த மிஷினைத்தான் பிரிக்க வேண்டும். அதைச் செய்த கம்பெனியைப் போய்ப் பிரிக்கக் கூடாது. உங்கள் டாக்டர் கம்பெனியைப் பிரிக்கப் பார்க்கிறார்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஒன்று கிடையாது. என் தம்பிக்கு நான்கு பிள்ளைகள். கல்யாணமான வருஷமே அப்பா ஆகிவிட்டான். உன் புருஷன் ரொம்பத் தாமதமாகப் பிறந்தான், அது உண்மைதான். அது உன் அத்தையின் உடம்பு வாகு. வைத்தியம் எல்லாம் அவளுக்குத்தான் பார்த்தோம், வருஷக்கணக்கில் பார்த்தோம், கடைசியில் பலித்தது. எனக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. இந்த வயதில் வாயைத் திறந்து காட்டி, நான் ஒழுங்கான ஆண்பிள்ளைதான் என்று சீட்டு வாங்க வேண்டுமா?

அவன் எழுந்து போனதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பெற்றவன் எதிரில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்னொன்று. நீ செய்து அனுப்பிய கண்ணாடி சரியில்லை. ஊசிக் காது இரண்டாகத் தெரிகிறது. எந்தக் காதில் நூலைக் கோர்ப்பது? கண் பரிசோதனைச் சீட்டை ஒழுங்காகத்தான் அனுப்பினேன். உங்கள் கடையில் கவனம் போதாது.

மாமனார்


பிப்ரவரி 16

அன்புள்ள மாமா,

கண்ணாடியைப் பற்றி முதலில். சீட்டில் எழுதியிருந்த பவரை நானே இரண்டு முறை சரிபார்த்துத்தான் லென்ஸ் போட்டேன். இத்தனை வருஷமாகக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன், மாமனாருக்கே தப்பாகச் செய்வேனா? சில நாள் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். கண் பழகும்.

குச்சியைப் பற்றி. யாரும் உங்களிடம் குறை கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. நீங்கள் ஆண்பிள்ளை என்பதற்குச் சீட்டு வேண்டாம். உங்கள் மகன் இங்கே லிஃப்ட் பெட்டிமேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரே போதும். டாக்டருக்கு வேண்டியது வேறு. உங்களிடம் அந்தத் துணுக்கு இல்லையென்றால் எங்களுக்கு நல்லது. இருந்தால்தான் கெட்டது. நீங்கள் குறையோடு இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். மருமகள் இப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று கோபித்தாலும் சரி.

டாக்டரை அடுத்த மாதம் பார்க்க வேண்டும். அதற்குள் அனுப்பிவிடுங்கள் மாமா. எனக்காக வேண்டாம். நீங்கள் என்னைச் சொன்ன சொல்லை நான் ஒரு பக்கமாக வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை. உங்கள் மகனுக்காகச் செய்யுங்கள்.

மருமகள்


மார்ச் 1

மருமகளுக்கு,

குறை இருந்தால் நல்லது, நிறைவாக இருந்தால் கெட்டது. இப்படி ஒரு வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. உன் கடிதத்தைத் தம்பியிடம் படிக்கச் சொன்னேன். அவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவன், நிறையப் புத்தகம் கையில் பட்டிருக்கிறது. அவனும் இரண்டு முறை படித்தான். "அண்ணே, இருந்தா இல்லன்னு சொல்றாங்களா, இல்லன்னா இருக்குன்னு சொல்றாங்களா?" என்றான். உன் அத்தை அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சா இன்னும் குழம்பும். தனித்தனியா படிங்க" என்றாள்.

தம்பியும் நானும் எதையும் தனித்தனியாகச் செய்ததில்லை. எனக்குப் பதில் துக்க வீட்டுக்கு அவன் போவான். அவனுக்குப் பதில் அவன் பிள்ளைகளின் வாத்தியாரைப் பார்க்க நான் போவேன். சின்ன வயதில் எனக்கு வர வேண்டிய அடியைக்கூட அவன் வாங்கியிருக்கிறான். முதுகைப் பார்த்து எங்கள் அப்பாவுக்கே வித்தியாசம் தெரியாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு மிஷினில், ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றதில் போட்டால் ஓடும். தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியும்.

குச்சிகள் இத்துடன் வருகின்றன. நம் குடும்பத்துக் கன்னத்தில் நன்றாகத் தேய்த்ததுதான். இனிமேல் யாரும் என்னைப் பிடிவாதக்காரன் என்று சொல்லக் கூடாது.

கண் பழகவில்லை.

மாமனார்


மார்ச் 24

அன்புள்ள மாமா,

ரிசல்ட் வந்துவிட்டது. உங்களிடம் அந்தத் துணுக்கு முழுதாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே உங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் குச்சி அனுப்பியதை இவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். நம்பவில்லை. ரிசல்ட்டைப் பார்த்ததும், "எங்கப்பா வாழ்க்கையில எதையுமே விட்டுக்கொடுத்ததில்லை. இதையும் எனக்கு விட்டுக்கொடுக்கல பாரு" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

அது இவரிடம் புதிதாக விட்டுப்போயிருக்கிறது, அதனால் அதுவே காரணமாக இருக்கும் சாத்தியம் கூடுகிறது என்கிறார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார். இவர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். வெறுங்கையோடு வருவதற்கு எதற்காக உடம்பைக் கிழிக்க வேண்டும் என்கிறார். எங்களுக்கு ஒதுக்கிய தேதியை ஏப்ரல் முடிவதற்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கொடுக்கட்டும் என்று இருக்கிறோம்.

கடையில் நாள் முழுக்க எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கிறேன். இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா? பாதிப் பேர், "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது" என்பார்கள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. டாக்டர் எதிரில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இவர் இப்போது எந்த ஷிஃப்ட் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார். வீட்டில் இருக்கும்போது எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சத்தமும் இல்லை.

முதலில் மறுத்தாலும் கடைசியில் அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. அதை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன்.

மருமகள்


மார்ச் 31

மருமகளுக்கு,

நான் முதலிலிருந்தே என்ன சொன்னேன்? எங்கள் பக்கத்தில் கிடையாது என்றேன். இப்போது மிஷின் வைத்துப் பார்த்து டாக்டரும் அதையே சொல்கிறார். உன் கடிதத்தை உன் அத்தைக்கு உரக்கப் படித்தேன்.

இத்துடன் கடிதத்தை முடித்து ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்து எழுதுகிறேன். காரணம் உன் அத்தை. நான் படித்து முடித்ததும் அவள், "சரி, உங்க தம்பிக்கு இருக்கு. உங்களுக்கு?" என்றாள். கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

உன்னிடம் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். பேச்சுக்குத்தான். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பரிசோதனைக்கு வரச் சொன்னது அண்ணனை. அண்ணனுக்கு அன்று மனசு சரியில்லை, தம்பி வந்திருக்கிறான், வாய் எல்லாம் ஒரே வாய்தான் என்று தம்பி கன்னத்தில் தேய்த்து அனுப்பினால், வருகிற ரிசல்ட் அண்ணனுக்கும் பொருந்துமா? ஒரே அப்பா, ஒரே அம்மா. பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன். நினைத்தேன்.

நேற்றுத் தம்பி வந்திருந்தான். மேஜைமேல் கிடந்த நீ அனுப்பிய கண்ணாடியைச் சும்மா எடுத்து மாட்டினான். மாட்டிக்கொண்டு, மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கிற பொடி எழுத்தைக் கடகடவென்று படிக்கிறான். "பிரமாதமா இருக்கே அண்ணே. இதையா குறை சொன்னே?" என்றான். நான் வாங்கி மாட்டினால் அதே பாட்டில் இரண்டாகத் தெரிகிறது.

ஒரே அச்சு என்றால் கண்ணும் ஒன்றாக இருக்க வேண்டாமா? எனக்கு இது பிடிபடவில்லை. உன் டாக்டரிடம் கேட்டு எழுது. யார் கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமனார்


ஏப்ரல் 5

மாமா,

ஒரு பேச்சுக்கு என்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். "நம் குடும்பத்துக் கன்னம்" என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பழைய கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். அப்புறம் கண் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் கண் பரிசோதனைக்கும் சின்ன மாமாதான் போயிருக்கிறார். நான் அவர் கண்ணுக்குக் கண்ணாடி செய்திருக்கிறேன். கவனம் போதாது என்று என்னிடம் சொன்னீர்கள்.

சரி, நானும் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டு அண்ணன் தன் பிடிவாதத்தால் தம்பி வாயைத் திறக்க வைத்தார். அந்த ரிசல்ட்டை நம்பி வேறொரு வீட்டில் இரண்டு பேர், இனிமேல் நமக்குக் குழந்தை கிடையாது என்று முடிவு செய்தார்கள். ஆசைப்பட்டு வாங்கிவைத்த சின்னக் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண், "ஏன், உங்களுக்கு வேணாமா?" என்று கேட்டாள். அந்த மருமகள் வேண்டாம் என்று சொன்னாள். ஒரு பேச்சுக்குத்தான் மாமா.

டாக்டரிடம் கேட்டேன். அண்ணன் தம்பிக்கு ஒன்றுபோல வருவதுதான் பொதுவாக நடப்பது. ஆனால் அப்பாவிடமிருந்து ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனியாகப் பிரதி எடுக்கப்படுகிறது. ஒருவருக்கு எடுக்கும்போது முழுதாக வரும், இன்னொருவருக்கு எடுக்கும்போது கொஞ்சம் விட்டுப்போகலாம். அச்சு ஒன்றுதான், வார்ப்பு தனித்தனி. "யாரு சார் அந்த அண்ணன் தம்பி?" என்று நர்ஸ் டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

இவரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் அந்தக் கண் சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரையே ஏமாத்திட்டாங்களே" என்று சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

புதிய குச்சிகள் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை உங்கள் கன்னம் மாமா. உங்களுடைய கன்னம். ஆபரேஷன் தேதியை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

மருமகள்


ஏப்ரல் 9

மருமகளுக்கு,

நான் யாரையும் ஏமாற்றவில்லை. அண்ணனும் தம்பியும் ஒன்றல்ல என்று முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கண் பரிசோதனை நடந்த அன்று எனக்குக் கடையில் நான்கு மிஷின் நின்றுகொண்டிருந்தது. தம்பி சும்மா இருந்தான், போனான். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

குச்சிகள் வருகின்றன. உன் அத்தை பக்கத்தில் நின்று பார்த்தாள். "வாயைத் திறங்க" என்றாள், திறந்தேன். "நல்லா திறங்க, திட்டும்போது திறக்கிற மாதிரி" என்றாள். முதல் குச்சியை நான் தேய்த்தேன். அவளுக்குத் திருப்தி இல்லை. இரண்டாவது குச்சியைப் பிடுங்கி அவளே தேய்த்தாள். வலிக்காது என்று எழுதியிருந்தாய். வலித்தது.

அந்தக் கட்டிலைத் திருப்பி வாங்கு. கொடுத்ததைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அதன் காலில் ஓர் ஆணி சரியில்லை, மாமனார் வந்து பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்.

மாமனார்


மே 2

அன்புள்ள மாமா,

நீங்களே படித்துப் பார்ப்பதற்கு ரிசல்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களிடமும் அந்தத் துணுக்கு இல்லை. இவரிடம் விட்டுப்போன அதே இடத்தில் அதே அளவு. உங்கள் அப்பாவிடமிருந்து சின்ன மாமாவுக்கு முழுதாக வந்திருக்கிறது. உங்களுக்கு வரும்போது விட்டுப்போயிருக்க வேண்டும். இவருக்கு உங்களிடமிருந்து வந்திருக்கிறது.

ஆகவே இப்போது எல்லாம் தலைகீழ். ஆபரேஷன் செய்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்கிறார் டாக்டர். மே 20 என்று உறுதி செய்துவிட்டோம். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். இந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது.

ஆனால் நான் முழுக்கத் தெளிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் டாக்டரிடம், "அப்ப அது காரணமே இல்லையா?" என்று கேட்டேன். "இல்லைன்னு சொல்லல. அதை மட்டும் வச்சுக் காரணம்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு இவரிடம், "கல்யாணமாகி எவ்வளவு வருஷம் கழிச்சு உங்கப்பாவுக்கு நீங்க பிறந்தீங்க?" என்று கேட்டார். இவர் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஓ" என்றார். "அப்போ உங்கப்பாவுக்கும் கொஞ்சம் கஷ்டமா இருந்திருக்கலாம். அதனாலதான் லேட்டாச்சோ என்னவோ. இப்பத் தெரிஞ்சுக்க வழியில்லை" என்றார். வழியில்லாததை ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். ஆண் குழந்தை பிறந்தால் அவனுக்கும் அந்தத் துணுக்கு இருக்காதாம். பரவாயில்லையா என்று கேட்டார். இவர் பரவாயில்லை என்றார்.

கட்டில் திரும்பி வந்துவிட்டது. ஆணி சரியாகத்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு வரி அவர் எழுத வேண்டுமாம், காகிதத்தைக் கொடுக்கிறேன்.

மருமகள்

அப்பா, கன்னம் ஆறிடுச்சா?


மே 9

மருமகளுக்கு,

ஆறிவிட்டது என்று அவனிடம் சொல்.

கண் சீட்டு இத்துடன் இருக்கிறது. நானே போய், நானே உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி எழுத்துப் படித்து வாங்கியது. தம்பி கூட வந்தான், அவனை வெளியே உட்கார வைத்தேன். இரண்டு லென்ஸைக் காட்டி எது தெளிவு என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். உன் ஞாபகம் வந்தது. இரண்டாவது என்று சொன்னேன்.

உன் கடிதத்தை வழக்கம்போல உன் அத்தைக்கு உரக்கப் படித்தேன். டாக்டர் "ஓ" என்ற இடம் வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினேன். மீதியைப் பிறகு படிக்கலாம் என்றேன். அவள் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்று தானே படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவ்வளவு நேரமும் நான் ஒரு பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நிறைந்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்ப, அது இல்லாததாலதான் நமக்கு லேட்டாச்சா?" என்று கேட்டாள்.

"டாக்டருக்கே தெரியலையாம்" என்றேன்.

"எனக்கு எத்தனை ஊசி போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு தடவை வயித்தைக் கிழிச்சுப் பார்த்தாங்க. என் தங்கச்சி பிள்ளையத் தூக்கப் போனா உங்கம்மா வாங்கிக்குவாங்க. டாக்டருக்குத் தெரியாதுதான். நான் உங்களைக் கேட்கிறேன்."

பாபினில் அதிகமாகச் சுற்றிய நூலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

இதில் உள்ள சிக்கல் உனக்குப் புரிகிறதா? நான் மூன்று நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தத் துணுக்கு இல்லாததால் ஒன்றும் கெட்டுவிடாது என்றால் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அப்போது பழி மறுபடியும் உன் அத்தையின் உடம்புக்குப் போய்விடும். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் அவள்மேல் இத்தனை வருஷம் கிடந்த பழி போய்விடும். ஆனால் உங்களுக்கு இருபதாம் தேதி போய் என்ன பயன்? ஒரே துணுக்கு. இல்லாத துணுக்கு வேறு. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழிகிறது. தம்பியிடம் சொன்னேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதுக்கு எனக்குப் பதிலா நீயே யோசி" என்று போய்விட்டான்.

நூலகத்தில் போய் ஒரு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறான். படித்தவர்கள் முடிவு செய்யும்வரை காத்திருக்க எனக்கும் உன் அத்தைக்கும் வயது இல்லை. ஆகவே நானே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வீட்டில் அதுதான் காரணம். இதை அவளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "எழுதிக் கொடுங்க. எழுதினாத்தான் அழியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றாள். ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன். அதை அவள் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். மடித்து, எனக்கு உதவாத அந்தக் கண்ணாடியின் கூட்டுக்குள் வைத்து மூடினாள். கண்ணாடியைத் தம்பி எடுத்துப் போய்விட்டான், கூடு காலியாகத்தான் கிடந்தது. இப்போது அது அவள் துணிகளுக்கு நடுவில் இருக்கிறது.

என் மகனுக்கும் கீழே ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன், அதைக் கிழித்தெடுத்து இருபதாம் தேதி போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்று டாக்டர் கேட்டால் என்னிடம் அனுப்பு.

உங்கள் வீட்டில் அது காரணமில்லை.

அப்பா